அந்தச் சேர்விடாப்புகளைப் பழைய பேப்பருக்குக் கொடுக்காதீர்கள்

மதிப்புக்குரிய அதிபர் அவர்களுக்கும் பழைய மாணவர் சங்கச் செயற்குழுவினருக்கும்,

வணக்கம். இந்தக் கடிதத்தைச் சிங்களத்தில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி ஆறு வாரமாகிறது. பதில் வரவில்லை. நம் பௌத்த ஆண்கள் பள்ளியில் படித்த தமிழ்ப் பிள்ளைகளும் வாசிக்கட்டும் என்று இப்போது தமிழில் எழுதுகிறேன். பள்ளியின் பெயரைப் போடவில்லை. எது என்று உங்களுக்குத் தெரியும்.

சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையையும் உங்களுக்குத் தெரியும். அதில் கிடக்கும் பழைய சேர்விடாப்புகளையும் (பிள்ளைகளைச் சேர்த்தபோது எழுதிய பதிவேடுகள்) சம்பவத் திரட்டுப் புத்தகங்களையும் (பள்ளியில் நடந்ததைக் குறித்து வைத்தவை) ஈரமில்லாத ஓர் அறைக்கு மாற்றுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

என் அப்பா 1954இல், பதினொரு வயதில் இந்தப் பள்ளியில் சேர்ந்தார். அப்பப்பா அந்த ஊரில் சிறிய பலசரக்குக் கடை வைத்திருந்தார். இங்கிலீஷில் கையெழுத்து வைக்க அவருக்குத் தெரியாது. தயங்கி நின்றபோது அன்றைய அதிபர், "உங்கள் மொழியிலேயே வையுங்கள்" என்று பேனாவைக் கொடுத்தாராம். அப்பா இதை நூறு தடவையாவது சொல்லியிருப்பார். 1983 ஜூலையில் கடையும் மேல்மாடி வீடும் எரிந்தன. அப்பாவின் சான்றிதழ்கள், கல்யாணப் படம், அப்பப்பாவின் ஒரே படம் எல்லாம் போயின. அப்பப்பா கைப்பட எழுதியது என்று உலகத்தில் மிஞ்சியிருப்பது உங்கள் சேர்விடாப்பில் உள்ள அந்த ஒரு கையெழுத்துத்தான். அப்பாவுக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. அதை ஒரு தடவை பார்க்க வேண்டும், முடிந்தால் ஒரு பிரதி வேண்டும் என்றார்.

மூன்று தடவை வந்தேன். முதல் தடவை எழுதுவினைஞர் லீவு. இரண்டாம் தடவை சாவி இல்லை. மூன்றாம் தடவை சிற்றூழியர் ஒருவர் இரக்கப்பட்டு அறையைத் திறந்துவிட்டார். உடைந்த கதிரைகள், வெசாக் விளக்குக் கூடுகளின் சட்டங்கள், அவற்றுக்கு அடியில் தரையோடு புத்தகங்கள். கூரை ஒழுகிய தண்ணீர் தரையில் தேங்கிக் கிடந்தது. 1950களின் சேர்விடாப்பு செங்கல் மாதிரி ஒட்டிப்போயிருந்தது. விளிம்பில் கறையான் மண். மெதுவாகத் திறக்கப் பார்த்தேன், தாள் கிழியும் சத்தம் கேட்டது. கையை எடுத்துவிட்டேன். "மாத்தயா, இதையெல்லாம் பள்ளி ஆண்டு விழாவுக்கு முதல் பழைய பேப்பர்காரனுக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்" என்றார் அவர். அப்பாவிடம் போய் நான் என்ன சொல்வது?

பௌத்த ஆண்கள் பள்ளிகள் எப்படி எழுந்தன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் இந்தப் புத்தகங்கள் எதற்காக எழுதப்பட்டன என்பதை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. பௌத்தக் கல்விக்காக உழைத்த அமெரிக்கர் ஒல்கொட் 1880இல் காலியில் வந்திறங்கினார். அடுத்த வருடம் மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய்க் கல்வி நிதிக்குக் காசு சேர்த்தார். 1886 நவம்பர் 1ஆம் தேதி கொழும்பு புறக்கோட்டையில் அவரோடு வேலை செய்த ஆங்கிலேயர் லெட்பீட்டர் 37 பிள்ளைகளோடு தொடங்கிய பள்ளிதான் பிறகு ஆனந்தக் கல்லூரி ஆனது. அடுத்த வருடம் கண்டியில் தர்மராஜ, 1892இல் காலியில் மகிந்த. ஒவ்வொன்றும் அரசாங்க உதவிப் பணத்துக்காகப் போராடியது. கால் மைல் விதி என்று ஒன்று இருந்தது. ஏற்கெனவே உதவி பெறும் பள்ளி ஒன்று கால் மைலுக்குள் இருந்தால் புதிய பள்ளிக்குப் பொதுவாக உதவி இல்லை. நகரங்களில் மிஷன் பள்ளிகள் முந்திக்கொண்டிருந்த காலம் அது. பிள்ளைகள் உண்மையாகவே வருகிறார்கள் என்று பரிசோதகருக்குக் காட்டுவதற்குக் கையில் இருந்தது இடாப்புத்தான். ஒவ்வொரு பெயரும் அப்படி எழுதிச் சேர்த்த பெயர். அதைத்தான் கிலோக் கணக்கில் நிறுத்து விற்கப் போகிறீர்கள்.

மகிந்தவில் 1903இலிருந்து 1919 வரை அதிபராக இருந்த வுட்வர்ட், பள்ளியைக் கோட்டைக்குள்ளிருந்து குன்றின் மேல் கொண்டுபோய், கட்டடங்களைத் தானே வரைந்து, பக்கத்தில் நின்று கட்டுவித்தார். பாளி நூல்களை மொழிபெயர்த்த அறிஞர் அவர். ஆனந்தவில் குலரத்ன அதிபராக இருந்த நாட்களில் உப அதிபராக இருந்தவர் செ. சுந்தரலிங்கம், ஒரு தமிழர். 1927இல் காந்தி இலங்கைக்கு வந்தபோது ஆனந்தவிலும் மகிந்தவிலும் பேசினார். யார் வந்தாலும் இடம் கொடுத்த மரபு இது. எங்கள் பள்ளியிலும் அதை நான் அனுபவித்தேன். காலையில் பன்சில் (பௌத்தரின் ஐந்து ஒழுக்க உறுதிகள்) சொல்லும்போது நானும் சேர்ந்து சொல்வேன், யாரும் சொல்லச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை. வெசாக் கூட்டுக்கு மூங்கில் பிளந்து கை வெட்டுப்பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

இப்போது ஆண்டு விழாவுக்குப் புதிய வாசல் தோரணம் எழும்புகிறது. மலரில் கிரிக்கெட் தலைவர்களின் படங்கள் வருடவாரியாக வரப் போகின்றன. வரட்டும், பெரும் போட்டி என்றால் எனக்கும் இப்போதுகூட நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனால் படத்தில் வராத ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் பெயர் எங்கே இருக்கிறது? தோரணத்துக்குப் பூசும் பெயின்ட் காசில் நாலு இரும்பு அலுமாரி வாங்கலாம். கேட்டால் சங்கம் கல்வித் திணைக்களத்தைக் காட்டுகிறது, பள்ளி அலுவலகம் சங்கத்தைக் காட்டுகிறது. 1960, 61இல் பள்ளிகளை அரசாங்கம் பொறுப்பேற்றதிலிருந்து கட்டடம், ஆசிரியர், சம்பளம் எல்லாவற்றுக்கும் பொறுப்பாளர் இருக்கிறார். பழைய புத்தகங்களுக்கு மட்டும் யாரும் இல்லை. இது நம் பள்ளியில் மட்டும் நடப்பதில்லை என்பதும் தெரியும். அதற்காக நாமும் விட்டுவிடலாமா? ஆனந்தவின் மகுடவாசகம் தம்மபத வரி: அப்பமாதோ அமதபதம். கவனத்தோடு இருப்பதே சாகாத நிலைக்கு வழி. நம் பிள்ளைகளுக்கும் அந்தத் தம்மபதத்தைத்தானே சொல்லிக் கொடுக்கிறீர்கள்.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதியிருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து அந்தப் புத்தகங்களை ஈரமில்லாத ஓர் அறைக்கு மாற்றுங்கள். ஒட்டிப்போன இடாப்பை யாரும் கையால் பிரிக்க வேண்டாம். கொழும்பில் தேசிய சுவடிகள் காப்பகத் திணைக்களம் இருக்கிறது, முதலில் அங்கே கேட்போம். கூலி, வாகனச் செலவு, அலுமாரிக் காசு எதுவானாலும் என் பங்கைத் தருகிறேன். தூக்கி வைக்க ஆள் இல்லை என்றால் நானே வருகிறேன்.

பழைய பேப்பர்காரர் வருவதற்கு முதல் ஒரு வரி பதில் போடுங்கள். அப்பா ஒவ்வொரு நாளும் தபால் வந்ததா என்று கேட்கிறார்.

இப்படிக்கு,
1970களில் உங்கள் பள்ளியில் படித்த ஒருவன்