கறிவேப்பிலை மரத்தடியில் கூர்ப்புப் பாடம் நடத்துங்கள்

மலையகத்து விஞ்ஞான ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கூர்ப்பை, அதாவது உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறிவரும் விதத்தை, படிப்பிக்கும்போது டார்வின் பார்த்த கலபகோஸ் தீவுக் குருவிகளோடு நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். மாத்தளை, பதுளைப் பக்கம் லயத்துக்குப் பின்னால் நிற்கும் கறிவேப்பிலையிலேயே அந்தப் பாடம் இருக்கிறது.

அதில் கொமன் மோர்மன் என்ற கறுப்பு வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். எலுமிச்சையிலும் இடும். புழு சிறிதாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரிக் கிடக்கும்; வளர்ந்ததும் இலைப் பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவட்டுக் கொம்பை நீட்டி நாற்றமடிக்கும். பிள்ளைகள் அன்றைக்கு முழுக்க அதையே பேசுவார்கள்.

ஆனால் அதிசயம் பெண் பூச்சியில்தான். ஆண்கள் எல்லாம் ஒரே மாதிரி: கறுப்பு, பின்சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசை. பெண்களில் சில அப்படியே ஆணைப் போல இருக்கும். வேறு சில, வெள்ளைத் திட்டும் சிவப்புப் புள்ளிகளுமாக, கொமன் ரோஸ் என்ற இன்னொரு இனத்தைப் போல. கொமன் ரோஸின் புழு ஈஸ்வரமூலிக் கொடியைத் தின்று அதன் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுபடி கிட்டப் போகாது. நஞ்சே இல்லாத மோர்மன் பெண் அந்தப் பயத்தில் தப்பிக்கிறது. உடம்பைப் பாருங்கள், ரோஸுக்குச் சிவப்பு, மோர்மனுக்குக் கறுப்பு. ஆணைப் போன்ற மோர்மனும் ரோஸைப் போன்ற மோர்மனும் ஒரே இனத்துப் பெண்கள்தான் என்று இயற்கையியலாளர் அல்பிரட் ரசல் வொலஸ் 1865இல் எழுதினார்.

ஆண், பெண் உடல் வேறுபாட்டை வழிநடத்தும் ‘டபுள்செக்ஸ்’ என்ற பரம்பரையலகுதான் இந்த வேடத்தையும் நடத்துகிறது என்பது 2014இல் தெரியவந்தது. வேடக்கோலத்துக்குரிய வடிவில், நிறமூர்த்தத்தில் அந்தப் பரம்பரையலகு இருக்கும் துண்டு தலைகீழாகத் திரும்பிக் கிடப்பதால் சிறகின் கோலம் பாதியில் கலையாமல் முழுசாக அடுத்த தலைமுறைக்குப் போகிறது. ஆணும் அதைச் சுமக்கிறது, வெளியே காட்டுவதில்லை.

அப்படியானால் எல்லாப் பெண்களும் ஏன் வேடம் போடவில்லை? வகுப்பில் கேளுங்கள். போலிகள் பெருகினால் பறவைகள் ஏமாறுவது குறையும் என்பது ஒரு பதில். அதற்குப் பிள்ளைகளே வந்து சேரட்டும்.

பாடசாலைத் தோட்டத்தில் ஒரு கறிவேப்பிலையையாவது மருந்தடிக்காமல் விடுங்கள். கன்று சின்னதென்றால் புழுக்கள் மொட்டையாக்கிவிடும், அதனால் இரண்டு மூன்று நட்டால் நல்லது. ஈஸ்வரமூலி கிடைத்தால் வேலியில் ஏற்றலாம், பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம், ஒரு பெண் முட்டையிடுவதைக் கண்டால் அந்த முட்டைகளை மட்டும் எடுத்துப் போத்தலில் வளர்க்கச் சொல்லுங்கள். வேடக்கோலம் ஆட்சியான இயல்பு, அதாவது தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே மகளில் வெளிப்படும். ஒரே தாயின் மகள்களில் இரண்டு உருவமும் வரக்கூடும். பரம்பரை விதிகளைக் கண்ட மெண்டலையும் அதே போத்தலில் படிப்பிக்கலாம்.

அன்புடன்,
பதுளையிலிருந்து ஒரு பழைய மாணவன்