பேருந்து நிறுத்தப் பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம். நிறுத்தத்தின் வேலை முடிந்துவிட்டது. நிழற்குடை, இருக்கை, சாய்தளம், விளக்கு, நேர அட்டவணைப் பலகை எல்லாம் பயன்பாட்டில் இருக்கின்றன. தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைத் தனியாக இணைத்திருக்கிறோம். இவ்வளவு தாமதம் ஏன் என்பதற்குத்தான் விளக்கம் சொல்ல வேண்டும்.

ஒப்பந்ததாரர்மீது குறையில்லை. தவறு எங்களுடையது. முதலில் ஒரு மாலைக் கூட்டம் போட்டு, வரைபடத்தைச் சுவரில் ஒட்டிக் கருத்துக் கேட்டோம். வந்தவர்களில் பெரும்பாலோர் சொந்த வண்டிக்காரர்கள். பேருந்தில் போகிறவர்கள் அந்நேரம் பேருந்தில்தானே இருப்பார்கள்! அது அப்புறம்தான் உறைத்தது. மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக 1969இல் விவரித்தவர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன். அதில் கருத்துக் கேட்பது கீழிருந்து நான்காம் படிதான். சொன்னதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்ற உறுதி இல்லையென்றால் அது கண்துடைப்பு என்றார் அவர். எங்கள் கூட்டத்துக்கு அந்த உயரம்கூட அதிகம்.

சரி என்று வரைபடத்தை நிறுத்தத்துக்கே எடுத்துப் போனோம். காலை நெரிசலிலும் கடைசி வண்டி நேரத்திலும் நின்றோம். ஒரு பாட்டி வரைபடத்தைப் பார்த்ததும், "இங்க உட்கார்ந்தா பஸ் வர்றது எப்படித் தெரியும்?" என்றார். வண்டி வரும் பக்கத்தை விளம்பரத் தட்டி முழுதாக மறைத்திருந்தது. தட்டியை எடுத்தோம், விளம்பரம் தருவதாக இருந்தவரும் விலகிக்கொண்டார். அந்தப் பணத்தைத் திரட்டவே நாள் பிடித்தது. அடுத்து ஓட்டுநர்கள்: முன்னால் இருசக்கர வண்டிகள் நின்றால் பேருந்தை மேடையோடு ஒட்டி நிறுத்த முடியாது, அப்புறம் சாய்தளம் எதற்கு என்றார்கள். அங்கே தடுப்புக் கம்பி நட்டோம்.

பார்வையற்றோருக்கான தொடுதரை ஓடுகளிலும் கோட்டைவிட்டோம். ஜப்பானில் செய்ச்சி மியாகே உருவாக்கி 1967இல் முதன்முதலாகப் பதிக்கப்பட்டவை இவை. ஓட்டில் மேடாக இருக்கும் கோடு தட்டுப்பட்டால் நட, புள்ளி தட்டுப்பட்டால் நில். எங்கள் கொத்தனார் புள்ளி ஓட்டை வழிநெடுகப் பதித்துவிட்டார். மேற்பார்வை பார்த்த எங்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கைத்தடியோடு நடந்து பார்த்த நம் உறுப்பினர் ஒருவர்தான் கண்டுபிடித்தார். பெயர்த்து மறுபடி பதித்தோம்.

பலரும் கேட்டது இரவில் இன்னொரு வண்டி. அது நம் கையில் இல்லை. மனு கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை. கேட்டவர்கள் பார்க்கட்டும் என்று அதையும் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம். அட்டவணை மாறும்போது பலகையைத் திருத்த இருவர் மட்டுமே முன்வந்திருக்கிறார்கள். இன்னும் நாலு பேர் தேவை. செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.