இரண்டாம் தவணை நிறைவு: பெற்றோருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

இத்தவணை நல்லபடியாக நிறைவடைகிறது. குறுக்கோட்டம், திருக்குறள் மனனப் போட்டி, அறிவியல் விழா என எல்லாவற்றிலும் நம் மாணவர்கள் பங்கெடுத்துப் பள்ளிக்குப் பெருமை சேர்த்தனர். கோத்தோங் ரோயோங் கூட்டுப்பணிக்கு வந்து வகுப்பறைச் சுவர்களுக்குச் சாயம் பூசிய பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கு நன்றி.

அப்புறம், பிள்ளைகளின் வயிற்றுப் பூச்சி பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

முதலாம், இரண்டாம் ஆண்டு வகுப்புகளில் சில பிள்ளைகள் நாற்காலியில் உட்கார முடியாமல் நெளிகிறார்கள். இரவில் தூக்கமில்லாததால் ஓய்வு மணி அடிப்பதற்குள் மேசையில் தலை சாய்ந்துவிடுகிறது. கிளினிக்கில் காட்டி, கீரிப்பூச்சிதான் என்று எங்களிடம் வந்து சொன்ன பெற்றோருக்கு நன்றி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சுத்தமான வீட்டிலும் வரும். மிட்டாய் தின்பதாலோ சிற்றுண்டிச்சாலை மீகோரெங்கினாலோ வருவதும் அல்ல. பெண்பூச்சி இரவில் ஆசனவாய் ஓரம் வந்து முட்டையிடும், அரிக்கும். சொறிந்த விரல் வாய்க்குப் போகும், தலையணைக்குப் போகும், பக்கத்துப் பிள்ளையின் பென்சிலுக்கும் போகும். அந்த முட்டை துணியிலும் படுக்கையிலும் இரண்டு மூன்று வாரம்வரை தாக்குப்பிடிக்கும். அதனால் பிள்ளைக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதாது. வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் சாப்பிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் சாப்பிட வேண்டும். அந்த இரண்டாவது தடவைதான் பெரும்பாலும் மறந்துபோகிறது. கர்ப்பிணிகளுக்கும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

பள்ளியிலேயே மருந்து கொடுக்கலாமே என்று சிலர் கேட்டீர்கள். மலேசியாவில் 1974இல் தொடங்கிய தேசியக் குடற்புழு ஒழிப்புத் திட்டம் 1983இல் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு இது பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியமாகிவிட்டது.

இன்னொன்று காலணி. மாலையில் திடலுக்குப் போனால் கோல் கம்பத்தின் பின்னால் கறுப்புக் காலணிகள் அழகாக வரிசையில் நிற்கின்றன; அவற்றுக்கு உரியவர்கள் கால்வாய் ஓரச் சேற்றில் நிற்கிறார்கள். கொக்கிப்புழு அப்படித்தான் வெறுங்காலைத் துளைத்து உள்ளே போகும், குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும்.

இதே வழியில் ஏறும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு, உடம்புக்குள்ளேயே பெருகிப் பல்லாண்டுகள் சத்தம் காட்டாமல் இருக்கக்கூடியது. ரப்பர் தோட்டத்தில் வெறுங்காலோடு பால்மரம் வெட்டிய தாத்தா பாட்டி உங்கள் வீட்டில் இருந்து, அவர்கள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாலோ புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்தாலோ, தோட்டத்தில் வேலை செய்ததை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எதிர்ப்புச் சக்தி குறையும்போது அந்தப் புழு உடம்பெங்கும் பரவி உயிருக்கே உலை வைக்கலாம். நாம் வாங்கும் வழக்கமான ஒருவேளை பூச்சி மாத்திரை அதற்குப் போதாது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருக்கும் வீட்டில் குடிநீரைக் கொதிக்க வைத்துக் கொடுப்பது நல்லது. தண்ணீர் வழியாக வரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிரிக்கு, குடிநீரில் கலக்கும் குளோரின் ஒரு பொருட்டே இல்லை. நமக்கு ஓரிரு வாரத்தில் அடங்கும் வயிற்றுப்போக்கு அவர்களை விடாமல் வாட்டும்.

இனி, சொல்லத் தயங்கிய விஷயம். வகுப்புப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு பிள்ளையின் பெயரைப் போட்டு, 'அவனோடு உட்கார வைக்காதீர்கள்' என்று எழுதியிருக்கிறார்கள். கீழே கைதட்டும் படங்கள் வேறு. மறுநாள் அந்தப் பிள்ளை தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான். அவனுக்கு ஏழு வயது. இதை நான் அனுமதிக்க மாட்டேன். பூச்சிக்காக எந்தப் பிள்ளையையும் இடம் மாற்ற மாட்டோம். அந்தப் பதிவுகளை இன்றே நீக்கிவிடுங்கள். மீண்டும் எழுதுபவர் யாராயிருந்தாலும் என் அறைக்கு வர வேண்டியிருக்கும்.

பயத்தில்தான் எழுதியிருப்பீர்கள், புரிகிறது. நாள் முழுக்கச் செம்பனைக் காட்டிலும் தொழிற்சாலையிலும் உழைத்துவிட்டு வந்து, இரவில் துணியைச் சுடுநீரில் அலசுங்கள் என்றால் சலிப்பு வரும். ஆனாலும் சொன்னதும் மருந்து வாங்கிய, நகம் வெட்டி அனுப்பிய பெற்றோர் பலர். உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி. கிளினிக்குக்குப் போக வண்டி வசதி இல்லாதவர்கள் அலுவலகத்தில் சொல்லுங்கள், ஏற்பாடு செய்யலாம். விடுமுறை முடிந்து வரும் முதல் திங்கட்கிழமை எல்லா வகுப்பிலும் நகம் பார்ப்போம், ஆசிரியர்களுடையதையும் சேர்த்து.

அன்புடன்,
தலைமையாசிரியர்