முழங்கால் போட்டுக் கற்கும் பாடம்: ரான் வாஷிங்டனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ரான் வாஷிங்டன் அவர்களுக்கு,

வணக்கம். பேஸ்பாலில் உங்கள் பெயரைச் சொன்னதும் பலர் பேசுவது 2011 வேர்ல்டு சீரிஸின், அதாவது அமெரிக்க பேஸ்பால் இறுதித் தொடரின், ஆறாவது ஆட்டத்தைப் பற்றித்தான். கோப்பைக்கு இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் (எதிரணி பேட்டர் தவறவிடும் ஒரு பந்து) என்ற நிலைக்கு டெக்சஸ் ரேஞ்சர்ஸ் இரண்டு முறை வந்தும் தோற்றது. அந்த அணியின் மேனேஜராக, அதாவது தலைமைப் பயிற்சியாளராக, நீங்கள் அன்று பட்ட வேதனை பெரிது. ஆனால் நான் எழுத வந்தது, ஆட்டத்துக்கு முன் காலி மைதானத்தில் நீங்கள் நடத்தும் பந்து பிடிக்கும் வகுப்பைப் பற்றி.

வீரராக உங்கள் கணக்கு சிறியது. உச்ச மட்டமான மேஜர் லீக்கில் 564 ஆட்டம், பேட்டிங் சராசரி .261, ஹோம் ரன் 20. மினசோட்டா ட்வின்ஸில் 1982-ல் மட்டும் 119 ஆட்டம் கிடைத்தது. மற்றபடி ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் காக்கும் இடம்), இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ் என்று ஆள் தேவைப்பட்ட இடத்தில் நின்றீர்கள். எல்லா இடத்துப் பந்தும் உங்கள் கைக்குப் பழகியது அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

உங்கள் பயிற்சியை இளம் வாசகர்களுக்காக இங்கே எழுதிவைக்கிறேன். வீரர் முழங்கால் போட்டு நிற்கிறார். கையில் வழக்கமான கிளவுஸ் கிடையாது. உள்ளங்கையைவிடக் கொஞ்சமே பெரிய, தட்டையான கிளவுஸ். பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று, பயிற்சிக்கான மெல்லிய ஃபங்கோ மட்டையால் பந்தைத் தரையோடு தட்டிவிடுகிறீர்கள். நேராகச் சில, கிளவுஸ் பக்கம் சில, பேக்ஹேண்டுக்கு, அதாவது உடம்புக்குக் குறுக்கே எதிர்ப்பக்கம், சில. பிறகு எழுந்து நின்று அதையே செய்ய வேண்டும்.

முழங்கால் போட்டதும் கால்களின் உதவி போய்விடுகிறது. மிஞ்சுவது கையும் கண்ணும்தான். பெரிய கிளவுஸில் பந்து வலைப்பகுதியில் எப்படியாவது சிக்கிக்கொள்ளும், கை செய்த தப்பு வெளியே தெரியாது. சின்னதில் நடு உள்ளங்கையில் வாங்காவிட்டால் தெறித்து ஓடும்.

தப்பு பெரும்பாலும் கிளவுஸைக் கடைசி நொடியில் தாழ்த்துவதில் ஆரம்பிக்கிறது. பந்து அடியில் நழுவிவிடும். கிளவுஸ் முன்கூட்டியே தரையில் இருந்தால், பந்து எழும்போது கூடவே எழுந்தால் போதும். இன்னொன்று, பந்தைக் குத்துவதுபோல் கையை நீட்டுவது. மணிக்கட்டு விறைத்து, வந்த வேகத்திலேயே பந்து தெறிக்கும். எழுந்து நின்றதும் துள்ளலின் சிக்கல் வருகிறது. தரையில் பட்ட மறுகணமே வாங்க வேண்டும், இல்லையென்றால் உச்சிக்கு எழுந்தபின் வாங்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மாட்டினால் கையைச் சரியான உயரத்துக்குக் கொண்டுபோக நேரம் இருக்காது. அங்கே கைக்கு வேலை குறைவு. முன்னே போவதா, பின்னே வருவதா என்று கால்தான் முடிவு செய்ய வேண்டும். பேட்டர் நிற்கும் இடத்திலிருந்து முதல் பேஸ் 90 அடி. வலது கை பேட்டர் அதை நான்கு விநாடிக்குச் சற்றுமேல் எடுத்து ஓடிவிடுவார். அதற்குள் பந்தைப் பிடித்து அங்கே எறிந்தாக வேண்டும். ஒரு தடுமாற்றத்துக்கு மேல் அதில் இடமே இல்லை.

இது எங்கே பலித்தது என்றால் மார்கஸ் செமியனைத்தான் காட்டுவேன். ஓக்லாந்து ஷார்ட்ஸ்டாப்பாக 2015-ல் அவர் 35 எரர் (பிடிப்பதிலோ எறிவதிலோ நேரும் தப்பு) செய்தார். அந்த சீசனின் நடுவில்தான் நீங்கள் அங்கே பயிற்சியாளராகத் திரும்பிப் போனீர்கள். அடுத்த ஆண்டு 21. பிறகு டொரண்டோவில், 2021-ல், இரண்டாம் பேஸில் சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு கிளவ் விருதே வாங்கினார். உழைப்பு அவருடையது, சந்தேகமில்லை. ஆனால் தினமும் எதிரே நின்று, எந்தப் பந்தில் கை விறைத்தது என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே! அதற்கு முன்பே, முழங்கை நரம்பு பாதித்து எறிய முடியாமல் போன கேட்சர் ஸ்காட் ஹாட்டபெர்க்கை முதல் பேஸுக்குப் பழக்கியவரும் நீங்கள்தான்.

இந்த வேலைக்கு ஸ்கோர் அட்டையில் கட்டம் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஓக்லாந்தின் மூன்றாம் பேஸ் வீரர் எரிக் சாவேஸுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். தொடர்ந்து ஆறு கோல்டு கிளவ் வென்ற அவர், அவற்றில் 2004-க்கானதை உங்களிடமே கொடுத்தார், நீங்கள் இல்லாமல் இது இல்லை என்ற பொருள்பட எழுதி.

2025-ல் இதய அறுவை சிகிச்சை ஆனது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா.

அன்புடன்,
ஒரு பேஸ்பால் ரசிகர்