மோன்செகூரிலிருந்து திரும்பி

அன்பு நண்பன் சேதுவுக்கு,

நலம், நலமறிய ஆவல். மூட்டுவலி தணிந்து, புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மீண்டும் காலையில் நடக்கிறாய் என்று படித்து மனம் நிறைந்தது. போன வாரம் நானும் ஒரு மலை ஏறினேன்.

துலூசிலிருந்து மகன் காரில் அழைத்துப்போனான். பிரான்சின் தெற்கே, பிரனீஸ் மலையடிவாரத்தில், ஆரியேழ் மாவட்டத்துச் சிற்றூர் மோன்செகூர். சரிந்திறங்கும் தெரு, ஓட்டு வீடுகள், சுவரோரம் அடுக்கிய விறகு. எங்கள் காலடியோசை எங்களுக்கே கேட்கும் அமைதி. ஊருக்கு மேலே, 1207 மீட்டர் உயரப் பாறைக்குன்றின் உச்சியில், சிதைந்த கோட்டை.

கத்தார் எனப்பட்ட கிறித்தவப் பிரிவினரை (வளைகுடா நாட்டுக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை) ரோமத் திருச்சபை சமயத் துரோகிகள் என்று வேட்டையாடியபோது, அவர்கள் அடைக்கலம் புகுந்த இடம் இதுதான். 1242இல் இங்கிருந்து சென்ற வீரர்கள் சமய விசாரணை அதிகாரிகளைக் கொன்றதால் பிரெஞ்சு அரசப்படை திரண்டு வந்து, 1243 மே முதல் ஏறத்தாழ பத்து மாதம் குன்றை முற்றுகையிட்டது. சரணடைந்தபின் இரண்டு வார அவகாசம் தரப்பட்டது. சமயத்தைக் கைவிடுவோருக்கும் வீரர்களுக்கும் உயிர்ப்பிச்சை உண்டு. அந்த நாட்களில், விடுதலையாகிப் போகக்கூடியவர்களே இருபது பேரளவில் புதிதாகத் தீட்சை பெற்றார்கள் என்பதை என்னால் இன்னும் மனத்திலிருந்து அகற்ற முடியவில்லை. 1244 மார்ச் 16 அன்று இருநூறுக்கும் மேற்பட்டோர் எரிக்கப்பட்டனர். கோட்டைத் தலைவரின் மனைவியும் மகளும் அவர்களுள் இருந்தனர்.

மூச்சிரைக்க ஏறிச் சென்று, வெயிலில் சூடேறிய சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றேன். அப்போதுதான் மகன் சொன்னான்: இன்று நிற்கும் சுவர்கள் அவர்களுடையவை அல்ல, அந்தக் கோட்டை அழிந்தபின் அரசர் தரப்பு எழுப்பியவை. கையை எடுத்துக்கொண்டேன். அவர்களுடையதாக எஞ்சியிருப்பது மதிலுக்கு வெளியே, வடகிழக்குச் சரிவில், படிப்படியாகக் கிடக்கும் வீட்டு அடித்தளங்கள்தான். நம் ஊர்ச் சமையலறை அளவுகூட இல்லாத ஓர் அறையின் மூலையில் பாசி படர்ந்த கல்லருகே நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். கோட்டையைவிட அந்த மூலைதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

அடிவாரப் புல்வெளியை "எரிக்கப்பட்டோர் வெளி" என்கிறார்கள். 1960இல் நட்ட நினைவுக்கல்லில், தூய கிறித்தவ அன்பின் தியாகிகளுக்கு என்று அந்நிலத்து ஒக்சித்தான் மொழியிலேயே பொறித்திருக்கிறார்கள். கல்லின் கீழே யாரோ வைத்த காட்டுப் பூக்கள் வாடாமல் இருந்தன.

அடுத்த கோடையில் நீ இங்கே வா. மேலே ஏற வேண்டாம். புல்வெளி வரை உன் கால் தாங்கும்.

அன்புடன்,
இராமலிங்கம்