ஒளிப்படச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை: முதலில் பயிற்சி, பிறகு கருவி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் அன்பு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

புதிதாகச் சேர வருகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தக் கேமரா வாங்கலாம்?" என்பதைத்தான். அதற்குச் சென்ற பொதுக்குழு ஒரு தீர்மானமாகவே பதில் சொன்னது: கையிலிருக்கும் கேமராவோடு 12 வாரப் பயிற்சியை முடித்தவர்களுக்குத்தான் கருவி வாங்குவது பற்றிச் சங்கம் ஆலோசனை வழங்கும். ஓராண்டாக அப்படியே நடந்து வருகிறோம். என்ன கற்பித்தோம், எது பலன் தந்தது, எதைத் திருத்த வேண்டியிருக்கிறது என்பதைச் சபையின் முன் வைக்கிறேன்.

பயிற்சி வகுப்பு

முதல் 4 வாரத்தையும் எக்ஸ்போஷருக்கே, அதாவது படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் தருவது என்பதற்கே, ஒதுக்கினோம். அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறுக்கும்) வரிசையான எஃப் 2.8, 4, 5.6, 8, 11, 16 என்பதும், ஷட்டர் (வெளிச்சம் விழும் நேரம், நொடியில்) வரிசையான 1/30, 1/60, 1/125, 1/250, 1/500 என்பதும் வாய்ப்பாடு போல நாக்கில் வர வேண்டும். ஒரு படி நகர்ந்தால் வெளிச்சம் இரட்டிக்கும், அல்லது பாதியாகும்; இந்த ஒரு படிதான் ஒரு ஸ்டாப். எஃப் 8-இல் 1/125 வைத்தாலும், எஃப் 5.6-இல் 1/250 வைத்தாலும், எஃப் 4-இல் 1/500 வைத்தாலும் படத்தைப் பதியும் சென்ஸாரில் விழும் வெளிச்சம் ஒன்றே. படம் மட்டும் ஒன்றல்ல: முதலாவதில் பின்னணி தெளியும், மூன்றாவதில் ஓடுகிறவரின் கால் உறையும். இந்த மூன்றில் எது வேண்டும் என்று கேமராவை முகத்துக்குக் கொண்டுபோகும் முன்பே முடிவு செய்வதுதான் பயிற்சியின் சாரம்.

இந்த வாரங்களில் அதிகம் கற்றுத் தந்தது வெள்ளைத் துண்டுப் பயிற்சி. நிழலில் ஒரு வெள்ளைப் பருத்தித் துண்டை விரித்து, சட்டம் முழுவதும் அது மட்டுமே நிரம்பும்படி கேமராவின் ஆட்டோ முறையில் ஒரு படம். அதே இடத்தில் கறுப்புத் துணியை விரித்து இன்னொரு படம். இரண்டும் திரையில் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில்தான் வரும். கேமராவின் ஒளி மீட்டருக்குத் துண்டும் தெரியாது, துணியும் தெரியாது. எதிரே இருப்பது விழும் வெளிச்சத்தில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. துண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் கூட்டினால்தான் அது வெள்ளையாகும். துணிக்கு அதே அளவு குறைத்தால்தான் கறுப்பாகும். கூட்டிக்கொண்டே போகும்போது ஹிஸ்டோகிராமில் (இடப்பக்க இருளிலிருந்து வலப்பக்க வெளிச்சம் வரை தொனிகளின் பங்கைக் காட்டும் வரைபடம்) உள்ள மேடு வலப்பக்கம் நகர்வதைப் பார்க்கலாம். அது வலது சுவரில் முட்டிய பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் துண்டின் நூலிழைகள் ஒவ்வொன்றாக மறைந்து, வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். அந்த இழைகள் மறையும் இடமே உங்கள் கேமராவின் எல்லை. ஒவ்வொருவரும் தம் கேமராவில் அது எத்தனையாவது ஸ்டாப்பில் வருகிறது என்று குறித்து வைத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு நுட்பம். சென்ஸார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தாலும் கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம், உள்ளே சுருக்கித் தயாராகும் ஜேபெக் படத்தினுடையது. ஜேபெக் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகள்தான் வைத்திருக்கும்; 14 பிட் ரா 16,384 வைத்திருக்கும். எனவே திரையில் எரிந்துபோனதாக மின்னும் இடம் ராவில் மீளக்கூடும். ஆனால் அதை நம்பித் தாராளமாக எடுக்கக் கூடாது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறக்கால்வாய்களில் ஒன்று முழுதாக நிரம்பிவிட்டால் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. சிவப்புப் பூக்களில் இது முதலில் நடக்கும். எந்தத் தொனியை எங்கே வைப்பது என்று படமெடுக்கும் முன்பே தீர்மானிக்கும் இந்த முறை புதிதல்ல. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர்களான ஆன்செல் ஆடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி ஃபிலிமுக்காக வகுத்த ஜோன் முறையின் அடிப்படையும் இதுவே.

அடுத்த 3 வாரம் கூர்மை. "லென்ஸ் சரியில்லை, படம் ஷார்ப்பாக இல்லை" என்று வந்த படங்களையெல்லாம் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பின்னணி உட்பட எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. பின்னணி தெளிவாக இருந்து ஆள் மட்டும் கலங்கியிருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். இதற்கு, கை ஆட்டத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசர் எதுவும் செய்யாது, ஷட்டர் வேகம் ஒன்றே மருந்து. முகம் கலங்கி, காதோ பின்னாலுள்ள கதவோ தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது. எதுவும் தப்பாமல் படம் முழுக்கச் சமமாக மந்தமாக இருந்தால் அப்பர்ச்சர் எண்ணைப் பாருங்கள்: எஃப் 22 என்றிருக்கும். சிறு துளையில் ஒளி விளிம்பில் சிதறுவதால் வரும் மந்தம் அது. 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்ஸாரில் எஃப் 11-ஐத் தாண்டும்போதே அது தலைகாட்டத் தொடங்கும்.

வந்த படங்களில் லென்ஸே குற்றவாளியாக நின்றவை மிகச் சில. ஃபோகஸ் தப்பியவையே அதிகம். 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் திறந்து 2 மீட்டர் தூரத்தில் உள்ளவரை அந்த ஃபிலிம் சட்டத்தின் அளவேயுள்ள ஃபுல் ஃப்ரேம் சென்ஸாரில் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 17 செ.மீ. 1 மீட்டருக்கு நெருங்கினால் வெறும் 4 செ.மீ. முகம் சற்றுத் திரும்பியிருந்தால் ஒரு கண் உள்ளேயும் மறு கண் வெளியேயும் போய்விடும். நடுப்புள்ளியில் கண்ணைப் பிடித்து, பட்டனைப் பாதி அழுத்தியபடியே கேமராவைத் திருப்பிச் சட்டத்தை மாற்றும் பழக்கம் இங்கே படத்தைக் கெடுக்கும். ஃபோகஸ் புள்ளியையே கண்ணுக்கு நகர்த்துங்கள். உடல் முன்னும் பின்னும் 2 செ.மீ. அசைந்தாலே போதும், படம் போச்சு. ஆகவே மூன்று நான்கு பிரேம் தொடர்ந்து எடுப்பது வீண் அல்ல.

விளக்கு வெளிச்சத்துக்கு 2 வாரம் ஒதுக்கினோம்; போதவில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். 1/500-இல் எடுத்தால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக இருள் விழுவது அதனால்தான். 1/100 அல்லது 1/50-க்கு இறங்கினால் அடங்கிவிடும். பிளாஷில் பலர் தடுமாறினார்கள். பிளாஷோடு ஒத்துப்போகும் உச்ச ஷட்டர் வேகமான (சிங்க் வேகம்) 1/200 அல்லது 1/250-ஐத் தாண்டினால் ஷட்டர் திரை எந்தக் கணத்திலும் முழுதாகத் திறந்திருக்காது, ஆகவே சட்டத்தின் ஒரு பக்கம் கறுப்பாகிவிடும். தூரம் இரட்டித்தால் பிளாஷ் வெளிச்சம் கால் பங்காகும். ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 100-இல் கைடு எண் (மீட்டரில் தூரம் x எஃப் எண்) 40 உள்ள பிளாஷ் 5 மீட்டரில் எஃப் 8-க்குப் போதும், 10 மீட்டரில் எஃப் 4 வேண்டும். இந்தக் கணக்கை மேனுவலில் ஒரு முறையாவது போட்டுப் பார்க்காதவர்களுக்கு ஆட்டோ பிளாஷ் ஏன் ஏமாற்றுகிறது என்பது விளங்குவதில்லை.

கடைசி 3 வாரம் ஒரே லென்ஸோடு ஒரே பொருளைத் தொடர்ந்து எடுத்து, 10 படங்களைத் தேர்ந்து அடுக்குவது. 1853-இல் லண்டனில் தொடங்கிய ராயல் போட்டோகிராபிக் சொசைட்டி தன் முதல்நிலைத் தகுதிக்கு 10 படத் தொகுப்பைக் கேட்கிறது. நம் அளவை அங்கிருந்தே எடுத்துக்கொண்டோம். தனித்தனியாக நல்ல படங்களாக இருந்தும் சேர்ந்து நிற்காத தொகுப்புகளே முதலில் வந்தன. விட்டுவிட வேண்டிய படம் எது என்று அறிவதுதான் இதில் கடினம்.

கருவித் தேர்வு

பயிற்சி முடித்து ஆலோசனைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் கடைசியாக எடுத்த 500 படங்களின் விவரங்களைக் கேட்டோம். எந்தக் குவியத் தூரத்தில் (எவ்வளவு நெருக்கிக் காட்டும் என்பதைச் சொல்லும் லென்ஸின் மி.மீ. அளவு) அதிகம் எடுத்திருக்கிறார், ஐஎஸ்ஓ எவ்வளவு, ஷட்டர் எவ்வளவு என்று மென்பொருளில் பிரித்துப் பார்க்க சில நிமிடமே ஆகும். 18-55 மி.மீ. ஜூமில் பாதிக்கு மேல் 55-இல் நிற்கிறது என்றால் அவருக்கு வேண்டியது நீண்ட லென்ஸ். 18-இல் நின்றால் அகல லென்ஸ்.

ஐஎஸ்ஓ 6400-இல் புள்ளி புள்ளியாக வருகிறது, ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்கு மாறலாமா என்று பலர் கேட்டார்கள். கணக்கைப் பாருங்கள். ஏபிஎஸ்-சி சென்ஸார் ஏறத்தாழ 23.5 x 15.6 மி.மீ.; ஃபுல் ஃப்ரேம் 36 x 24 மி.மீ. பரப்பு 2.4 மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஆதாயம் ஒரு ஸ்டாப்பும் கொஞ்சமும்தான். அதே பழைய கேமராவில் எஃப் 5.6 ஜூமைக் கழற்றிவிட்டு ஜூம் இல்லாத எஃப் 1.8 பிரைம் லென்ஸை மாட்டினால் 3 ஸ்டாப்புக்கு மேல் கிடைக்கும். 6400 வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 640 போதும். அசையாத பொருள் என்றால் ட்ரைபாட் வைத்து 100-க்கே வந்துவிடலாம். ஆகவே பாடியை (லென்ஸ் நீங்கலான கேமராவை) மாற்றும் முன் லென்ஸ், லென்ஸுக்கும் முன் ட்ரைபாட் என்பதையே சங்கம் தொடர்ந்து பரிந்துரைத்தது. பறக்கும் பறவை, விளையாட்டு என்று போகிறவர்களுக்கு மட்டும் இந்த வரிசை பொருந்தாது. ஆட்டோஃபோகஸ் தொடரும் திறன் பெரும்பாலும் பாடியில்தான் இருக்கிறது என்பதை அவர்களிடம் ஒளிக்காமல் சொன்னோம்.

ட்ரைபாடைச் சோதிக்க எளிய வழி: உங்களிடமுள்ள மிக நீண்ட லென்ஸை மாட்டி, கேமராத் திரையின் லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, காலில் விரலால் ஒரு தட்டு. படம் அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். நடுத்தண்டை உயர்த்தி மறுபடி எண்ணினால், அதை ஏன் உயர்த்தக் கூடாது என்பது சொல்லாமலே புரியும். எடுக்கும்போது 2 நொடி டைமர் வையுங்கள்.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்களுக்கான சோதனையைச் சங்கத்திலேயே செய்து தந்தோம். பின்பக்கத்திலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்தால் பூஞ்சை சிலந்தி நூல் போலக் கிளை விட்டுத் தெரியும். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுங்கினால் இதழ் மெதுவாக மூடும். சிறிய துளையில் எடுத்த படங்கள் வெளுத்து வரும். பிறகு ஒரு செங்கல் சுவரை நேர் எதிரே நின்று முழுத் துளையில் எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிட வேண்டும். நான்கும் சற்று மந்தம் என்றால் லென்ஸின் இயல்பு; ஒரு மூலை மட்டும் மந்தம் என்றால் உள்ளே கண்ணாடி விலகியிருக்கிறது, வாங்க வேண்டாம். பாடியாக இருந்தால் எஃப் 16-இல் வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் எடுத்துத் தூசியையும், முடிந்த மாடல்களில் ஷட்டர் எண்ணிக்கையையும் பார்த்தோம். மெமரி கார்டைப் பொறுத்தவரை, போலிக் கார்டுகள் அச்சிட்ட கொள்ளளவைக் காட்டும், ஆனால் உண்மை அளவு நிரம்பிய பிறகு எழுதுவதெல்லாம் திறக்காது. புதுக் கார்டை முழுவதும் நிரப்பி, எல்லாக் கோப்பும் திறக்கிறதா என்று பார்த்த பிறகே முக்கியமான வேலைக்கு எடுங்கள்.

பொது அலமாரி

வருத்தத்தோடு பதிவு செய்ய வேண்டியது ஒன்று. உறுப்பினர்கள் இரவல் எடுக்கும் கருவிகளுக்கான அலமாரியிலிருந்த, மிக நெருங்கி எடுக்க உதவும் ஒரு மேக்ரோ லென்ஸில் பூஞ்சை கண்டது. தோல் உறைக்குள்ளேயே வைத்திருந்ததும், சிலிகா ஜெல் நிறம் மாறிய பிறகும் மாற்றாததுமே காரணம். பொறுப்பு செயற்குழுவினுடையது. இப்போது உறைகளை நீக்கி, காற்றுப் புகாத பெட்டிகளில், ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைக்கிறோம். மிகவும் உலர்த்தினாலும் ரப்பருக்கும் மசகுக்கும் கேடு. ஈரமானியை அப்படியே நம்பாமல் உப்புச் சோதனை செய்தோம்: ஒரு புட்டி மூடியில் உப்பை ஈர மணல் பதத்துக்கு நனைத்து, மானியோடு ஒரே பைக்குள் மூடி ஓர் இரவு விட்டால் 75 காட்ட வேண்டும். நம்முடையது 69 காட்டியது. அந்த 6-ஐக் கூட்டியே இனி குறிக்கப்படும்.

மாதக் கூட்டங்கள்

தடையின்றி நடந்தன. "அச்சு இருட்டாக வருகிறது" என்ற குறைக்குத் திரை வெளிச்சமே காரணம் என்று தெரிந்தது. திரையை 80 முதல் 120 நிட்ஸுக்கு (திரை வெளிச்சத்தின் அலகு) இறக்கியதும் பெரும்பாலும் தீர்ந்தது. போட்டிக்கு அனுப்பும் படங்களை எல்லாத் திரைக்கும் பொதுவான நிறவெளியான எஸ்ஆர்ஜிபி-க்கு மாற்றி அனுப்புங்கள். அதைவிட அகலமான அடோபி ஆர்ஜிபி-யிலேயே விட்டால் பல இடங்களில் நிறம் வெளிறித் தெரியும். 12 x 18 அங்குல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் 3600 x 5400, அதாவது 20 மெகாபிக்சலுக்கும் குறைவாகவே தேவை.

வரும் ஆண்டுக்கான முன்மொழிவுகள்

பயிற்சியை 14 வாரமாக்கி, கூடுதல் 2 வாரத்தையும் பிளாஷுக்கே தர வேண்டும். அலமாரிக்கு இவ்வாண்டும் கேமரா பாடி எதுவும் வாங்க வேண்டாம். நடுத்தண்டு இல்லாத கனமான ட்ரைபாட் ஒன்றும், பூஞ்சை கண்ட லென்ஸுக்கு மாற்றாக மேக்ரோ லென்ஸ் ஒன்றும் போதும். இரவல் எடுப்பவர்கள் திருப்பும்போது அந்தக் கருவியில் எடுத்த 10 படங்களை மாதக் கூட்டத்தில் வைக்க வேண்டும் என்பதை விதியாக்கலாம். ஈரமானி அளவை வாரம் ஒரு முறை குறித்துவைக்க உறுப்பினர்களில் இருவர் முன்வர வேண்டுகிறேன்.

வகுப்பு எடுத்த மூத்த உறுப்பினர்களுக்கும், தம் சொந்த லென்ஸ்களைப் பயிற்சிக்குத் தந்தவர்களுக்கும் சங்கத்தின் நன்றி. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். இவ்வறிக்கையையும் மேற்கண்ட முன்மொழிவுகளையும் விவாதித்து ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்