பழைய எஸ்எல் வாங்கப் போகும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை உறுதியாகிவிட்டது, உன் முழங்கால் வலியும் குறைந்திருக்கிறது என்று படித்ததில் மனசுக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பெரியவன் படிப்பை முடித்துவிட்டான், சின்னவள் இன்னும் ஒரு வருஷம் படிக்க வேண்டும். சரி, கடைசிப் பத்தியில் நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஓய்வு பெற்ற கையோடு, கூரையைத் திறந்து ஓட்டும் அந்த இரண்டு இருக்கைக் கார், பழைய மெர்சிடிஸ் எஸ்எல் ஒன்று வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக வாங்கு. ஆனால் ஓட்டுவதற்காக வாங்கு. ‘விலை ஏறிக்கொண்டே போகும், மூடிப் போட்டு வைத்தாலே நல்ல முதலீடு’ என்று யாரோ உன்னிடம் சொன்னாராமே, அந்தப் பேச்சு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பணக்கணக்கை விடு, மூடிப் போட்டு வைப்பது காருக்கே ஆகாது.

ஏன் என்று சொல்கிறேன். என் 250 எஸ்எல்லில் கார்புரேட்டர் கிடையாது. அதற்குப் பதில், பெட்ரோலை அளந்து எஞ்சினுக்குப் பீய்ச்சும் போஷ் நிறுவனத்தின் இயந்திர எரிபொருள் பம்ப் எஞ்சினின் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. ஆறு சிலிண்டருக்கு ஆறு பிளஞ்சர்கள், அதாவது பெட்ரோலைத் தள்ளும் சின்னத் தண்டுகள், ஒவ்வொன்றும் தன் குழாய்க்குள் மயிரிழை இடைவெளியில் ஏறி இறங்குகிறது. வண்டியை மாதக்கணக்கில் எடுக்காமல் விட்டால் உள்ளே நிற்கும் பெட்ரோல் பிசினாகிப் படியும். பிளஞ்சர் இறுகும், அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக்கும் சேர்ந்து இறுகும். அந்தப் பம்பைப் பிரித்துச் சரியாகப் பூட்டத் தெரிந்த கைகள் உலகத்திலேயே குறைவு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரத்தால், சக்கரத்தில் பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் காலிபருக்குள் துரு ஏறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆயில் சீல்கள் காய்ந்து வெடிக்கும். டயர் ஒரே இடத்தில் நின்று தட்டையாகும். வாரத்துக்கு ஒருமுறையாவது எடுத்து, எஞ்சின் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டினால் இதில் பாதித் தொல்லை வரவே வராது. ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவதில் புண்ணியம் இல்லை. சைலன்சருக்குள் தண்ணீர் கோத்துக்கொள்வதுதான் மிச்சம்.

இந்தக் காரை உருவாக்கியவர்களும் அதைக் காட்சிப்பொருளாக நினைக்கவில்லை. 1963 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் இந்த வரிசையின் முதல் காரான 230 எஸ்எல் அறிமுகமான சமயம், அதன் பின்னால் இருந்த பொறியாளர் ருடால்ஃப் ஊலன்ஹவுட் பக்கத்தில் அனமாஸில் இருந்த சின்ன பந்தயத் தடத்துக்குக் காரைக் கொண்டுபோய்த் தானே ஓட்டிக் காட்டினார். அதே தடத்தில் மூன்று லிட்டர், பன்னிரண்டு சிலிண்டர் ஃபெராரியை ஓட்டிய மைக் பார்க்ஸுக்கு ஒரு சுற்றுக்கு 47.3 வினாடி, இவருக்கு 47.5. பார்க்ஸ் பந்தய வீரர், இவர் பொறியாளர், அதுவும் பாதி சிலிண்டர் உள்ள காரில்! அதே ஆண்டு ஸ்பா-சோஃபியா-லியேஜ் ராலியில், ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கரடுமுரடான சாலைகளில் ஓடி, ஆய்கன் பேரிங்கர் இதே 230-இல் முதலிடம் பிடித்தார். அப்படி ஓடிய வம்சத்தைப் போர்வைக்குள் பூட்டி வைப்பது எனக்குப் பாவமாகவே படுகிறது.

தங்கச்சி பயப்படுகிறாள் என்று எழுதியிருந்தாய். அவளிடம் பேலா பரேனி பற்றிச் சொல். மோதலில் முன்னும் பின்னும் நசுங்கி, ஆட்கள் இருக்கும் நடுப்பகுதியை மட்டும் காப்பாற்றும் உடலமைப்பை யோசித்தவர் அவர். 1963-க்கு முன்பே மெர்சிடிஸ் அதைத் தன் பெரிய கார்களில் கொண்டுவந்துவிட்டது. இரண்டு பேர் உட்காரும் இந்தக் காருக்கும் அதையே கொடுத்தது. கழற்றி மாட்டும் கெட்டிக் கூரை ஓரங்களில் உயர்ந்து நடுவில் தாழ்ந்திருக்கும், பார்த்திருப்பாய். ‘பகோடா’ என்ற பட்டப்பெயர் அதனால் வந்ததுதான். அந்த யோசனையும் பரேனியுடையது, வடிவம் கொடுத்தவர் பால் பிராக். அழகுக்காக மட்டும் செய்ததல்ல: அந்த வளைவால் கூரைக்கு வலு கூடுகிறது, கண்ணாடிகள் உயரமாக வந்ததில் பார்வை நன்றாக இருக்கிறது, ஏறி இறங்கவும் வசதி. இருந்தாலும் இது அறுபதுகளின் கார். ஏர்பேக் கிடையாது, கூரையைத் திறந்துவிட்டால் தலைக்கு மேல் ஒன்றும் கிடையாது. மூன்று முனை சீட் பெல்ட் போடாத வண்டியாக இருந்தால் அதை முதலில் போடு. முன்னால் போகும் வண்டிக்கு எப்போதும் இரட்டிப்பு இடைவெளி விடு. அவள் பயத்தில் நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிடாதே.

ஓட்டும் விதத்தில் ஒன்றே ஒன்றை முதல் நாளே பழகிக்கொள். இதன் பின் ஆக்சில் ஊசலாடும் வகை. வளைவுக்குள் நுழைந்த பிறகு பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பாரம் முன்னால் போகும், பின்புறம் எழும்பும், பின் சக்கரங்கள் சாய்ந்து பிடிப்பு குறையும். அதனால் வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிடு. உள்ளே போனதும் ஆக்சிலேட்டரில் கால் மெதுவாக, ஒரே சீராக இருக்கட்டும். அப்படிப் பழகிவிட்டால் பின்புறம் அப்படியே தரையில் அமர்ந்து வருவதை இடுப்பிலேயே உணரலாம். மெல்லிய, பெரிய ஸ்டியரிங்கை இரண்டு விரலால் திருப்பிப் போகும்போது வருகிற சந்தோஷம் இன்றைய எந்தக் காரிலும் எனக்குக் கிடைத்ததில்லை. எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் வேகம்தான் இதன் சுகமான வேகம். அதற்கு மேல் போகும், போகாமல் இல்லை. ஆனால் எஞ்சின் உயர்ந்த சுற்றில் பாடிக்கொண்டே வரும், பேச்சு காதில் விழாது.

துணிக் கூரையைத் திறக்க மோட்டார் எதுவும் இல்லை, எல்லாம் கைவேலை. கண்ணாடிச் சட்டத்தின் மேல் உள்ள கொக்கிகளை விடுவித்து, துணியின் பின்விளிம்பைத் தூக்கி நிறுத்தி, இருக்கைக்குப் பின்னால் உள்ள அலுமினிய மூடியைத் திறந்து, துணியை மடித்து உள்ளே படுக்க வைத்து, மூடியை இறக்க வேண்டும். பின் ஜன்னல் கண்ணாடி அல்ல, பிளாஸ்டிக். மடிப்பில் ஒரு மெல்லிய பருத்தித் துணியை வைத்துவிட்டால் கீறல் விழாது. கடுங்குளிரில் மடிக்கவே மடிக்காதே, விரிசல் விட்டுவிடும். கெட்டிக் கூரையைத் தனியாளாகத் தூக்க நினைக்காதே, உன் முழங்காலுக்கும் அது ஆகாது.

இப்போது வாங்கும் விஷயம். பகோடாவில் அடுத்தடுத்து வந்த 230, 250, 280 எல்லாம் சேர்த்து 1971 வரை செய்தது 48,912 கார்கள். அதில் 250 வெறும் 5,196தான். ஆனால் அபூர்வம் என்பதற்காக எதையும் தேடாதே. 250 முதல் பின்னாலும் டிஸ்க் பிரேக், எஞ்சினின் சுழலும் தண்டைத் தாங்க ஏழு மெயின் பேரிங், பெட்ரோல் டேங்க்கும் பெரிது. 280-இல் 170 குதிரைத்திறன். நீ பார்த்து வைத்திருப்பது 280 என்பதால் இயந்திரம் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் கவலையெல்லாம் தகரம் பற்றித்தான். எஞ்சினைப் பிரித்துப் பூட்டிவிடலாம். உள்ளுக்குள் துருப்பிடித்த உடலை மீட்பது அப்படியல்ல, அதற்கு வருஷங்களும் சொத்தும் போகும்.

நிலையான கூரை இல்லாததால் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ‘சில்’ என்ற தகரச் சட்டம்தான் மொத்த வண்டியையும் தாங்குகிறது. என் காரில் முந்தைய உரிமையாளர் காலத்தில் ஏதோ ஒரு பட்டறையில் துருவுக்கு மேலேயே தார்ப்பூச்சு அடித்து மூடியிருந்தார்கள். ஸ்க்ரூடிரைவர் நுனியால் லேசாகத் தட்டியபோது ஒரு கையகலத் துண்டு அப்படியே உதிர்ந்தது. வெளியில் பெயின்ட் கண்ணாடியாக மின்னிக்கொண்டிருந்தது! அதனால் கீழே படுத்துப் பார்க்க ஒரு விரிப்பும் டார்ச்சும் கொண்டுபோ. ஒரு பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பார். இறுகினால் சில் பலவீனம். காந்தம் வைத்து, அது ஒட்டாத இடங்களைப் பார்த்து, துருவை மறைக்கப் பட்டிப் பூச்சு எங்கே போட்டிருக்கிறார்கள் என்று தேடு. ஆனால் கதவு, பானட், டிக்கி மூடி எல்லாம் அலுமினியம், அங்கே காந்தம் ஒட்டாது, குழம்பிவிடாதே. பானட்டைத் திறந்து முன் மட்கார்டின் உள்விளிம்பைப் பார்: தொழிற்சாலையில் வைத்த ஸ்பாட் வெல்டிங் குழிகள் வரிசையாகத் தெரிய வேண்டும். வழவழவென்று இருந்தால் அந்தப் பக்கத்தில் எப்போதோ டிங்கர் வேலை நடந்திருக்கிறது. கெட்டிக் கூரையில் பதித்திருக்கும் எண் காரின் பாடி எண்ணோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துவிடு.

அடிக்கடி, வெகுதூரம், மழை வெயில் பார்க்காமல் எடுக்க ஆசையென்றால் இதற்கு அடுத்து வந்த 107 வரிசையையும் யோசி. 1971 முதல் 1989 வரை 2,37,287 கார்கள் செய்தார்கள், உதிரிப் பாகம் கிடைப்பதில் கஷ்டமில்லை, கனமான, நிதானமான வண்டி. அதில் துரு ஒளிந்திருக்கும் இடம் எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவர். எனக்கு மனசு பகோடாவில்தான், ஆனால் ஓட்டப் போகிறவன் நீ.

அடுத்த மாதம் எனக்கு அந்தப் பக்கம் வேலை இருக்கிறது. அந்த 280-ஐச் சேர்ந்தே போய்ப் பார்ப்போம். அதற்குள் விற்பவரிடம் சில்லின் படங்களைக் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பு. அப்புறம், நாம் வருகிற அன்று காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடு. இந்த எரிபொருள் பம்பில் கோளாறு இருந்தால் குளிர்ந்த எஞ்சினில்தான் வெளியே தெரியும்.

அன்புடன்,
உன் நண்பன்